செவத்தியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தவர்கள் மீது

அனுப்புநர்
கருத்தம்மாள், வயது சுமார் முப்பத்தைந்து,
வீரணன் மனைவி,
வெள்ளைக்கரட்டுப்பட்டி மலையடிவாரத் தோட்டம், கம்பம் பிர்கா.
(தற்சமயம் இருப்பது: அபுபக்கர் ராவுத்தர் வண்டிக் கொட்டகை, உத்தமபாளையம்)

பெறுநர்
மதுரை ஜில்லா கலெக்டரும் ஜில்லா மாஜிஸ்திரேட்டுமான துரை அவர்கள் சமூகம்,
ஜமாபந்தி முகாம், உத்தமபாளையம்.

பொருள்: மாட்டு டாக்டர் செய்த ஆபரேஷனால் என் பெண் நாய் பெருத்து நோய்ப்பட்டு ஆடு தின்றதாகப் பொய் கட்டி, அதைக் கொன்று வயிற்றைக் கிழித்து, என் கையை முறித்து, என் கணவரின் கண்ணைப் போக்கி, குடிசையைக் கொளுத்தியவர்கள் மீது நடவடிக்கை கோருவது.

பார்வை: மேற்படி கிராம முன்சீப் சமூகத்துக்கு அனுப்பிய ரிப்போர்ட். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அவர்கள் விசாரணையில் எனக்கு வாசித்துக் காட்டியது.

கனம் பொருந்திய ஐயா,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, ராவுத்தர் மகன் அமானுல்லா எழுதுகிறார். என் பேச்சை அழகுபடுத்த வேண்டாம், பயந்து குறைக்கவும் வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சமூகம் கடைசி வரை கேட்டு நீதி செய்ய வேண்டும்.

1. நானும் என் கணவர் வீரணனும் ராவுத்தரின் தோட்டத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பார்த்துக்கொண்டு, அங்கேயே குடிசை போட்டு இருந்தவர்கள். மேற்பாதியில் கடலையும் கேப்பையும், கிணற்றை ஒட்டி வாழையும் போட்டிருந்தோம். வேலியைத் தாண்டினால் காடு. கடலை காய்பிடிக்கும் சமயம் காட்டுப்பன்றிகள் இறங்கினால், விடியும்போது அந்த இடம் ஏர் ஓட்டியது போல் கிடக்கும். அந்தத் தோட்டத்தில் மனுஷர் பிழைக்க முடிந்தது செவத்தியால்தான். செந்நிற நாய். வலது காதின் நுனி பன்றிக் கொம்பில் கிழிந்து போயிருக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகையால் அந்த நாயைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். ஒரு கார்த்திகையில் கிழட்டுப் பன்றி ஒன்று என் கணவரை வரப்பில் தள்ளித் தொடையைக் கிழித்தது. செவத்தி அதன் பின்னங்காலைக் கவ்வியது. பன்றி அதை இழுத்துக்கொண்டே வாழைக்குள் ஓடியது. வாழைக்கன்றுகள் எல்லாம் சாய்ந்தன. செவத்தி வாயை விடவில்லை. என் கணவர் எழுந்து மரத்தில் ஏறிய பிறகுதான் விட்டது. அவர் உயிர் அன்று அதன் பல்லில் இருந்தது.

2. இந்தக் கீர்த்தியே அதற்கு விரோதமாயிற்று. கிராம முன்சீப்பின் தம்பி மலைச்சாமி வேட்டைக்காரர். வேல்கம்பும் நாய்களுமாகக் காட்டுக்குள் போய் வருபவர். செவத்தியின் வயிற்றில் பிறக்கும் கடுவன் குட்டிகள் தமக்கே உரியவை என்று அவராகவே வைத்துக்கொண்டார். நாங்கள் கொடுப்பதாகச் சொன்னதில்லை. இல்லை என்று சொல்லும் தைரியமும் எங்களுக்கு இருந்ததில்லை.

3. நாய் பருவத்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் தோட்டம் யுத்தகளம் ஆகிவிடும். நாலு ஊர் நாய்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒன்றின் கழுத்தை ஒன்று கடித்துக் குதறும். குடிசைக் கதவைத் திறக்க முடியாது. தோற்ற நாய் வாழைக்குள் போய்ச் செத்து நாறும். சென்ற தாது வருஷத்துக்கு முந்திய வருஷம் ஐப்பசியில் அந்தக் கூட்டத்தோடு ஒரு வெறிநாயும் வந்தது. அது எங்கள் கிடாரிக் கன்றின் மூக்கைக் கடித்துவிட்டுப் போயிற்று. கன்று சில வாரம் நன்றாகத்தான் மேய்ந்தது. பிறகு வாயில் நுரை தள்ளி, சுவரில் முட்டி, தன் காலைத் தானே கடித்தது. என் கணவர் கோடாலியால் அதைக் கொன்று ஆழமாய்க் குழி தோண்டிப் புதைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

4. அந்தப் பருவத்தில் சினையான செவத்தி தை மாதம் குட்டி போட்டது. கண் திறந்து சில நாள் ஆனதும் மலைச்சாமி வந்தார். இரண்டு கடுவன் குட்டிகளைத் துணியில் முடிந்துகொண்டார். மற்ற நான்கும் பெண். அவற்றை ஒவ்வொன்றாகப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, எங்கள் கண்ணெதிரே கிணற்றில் எறிந்தார். நான் தடுக்கப் போனேன். "பொட்டை எதுக்கு? தின்னுட்டுத் திரியவா?" என்று என்னைப் புறங்கையால் தள்ளிவிட்டுப் போனார். செவத்தி கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓடியது. உள்ளே இருந்து கீச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. என் கணவர் வடத்தைக் கட்டி இறங்குவதற்குள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கூடையில் நாலையும் எடுத்து வந்து வைத்தார். தாய் நக்கி நக்கிப் பார்த்தது. பால் கட்டி அதன் மடி கல்லாகி, காய்ச்சலில் படுத்தது. கிணற்றை இறைத்துத் தூர் எடுத்த பிறகும் அந்தத் தண்ணீர் என் தொண்டையில் இறங்க வெகுநாள் ஆயிற்று.

5. அடுத்து வந்த ஆவணியில் மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போட டாக்டர் வைகுண்டராஜ் எங்கள் கிராமத்துக்கு வந்து, பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பவுண்டுத் தொழுவத்தில் முகாம் போட்டார். ராவுத்தர் அவரிடம் செவத்தியின் கதையைச் சொன்னார். கர்ப்பப்பையையும் முட்டைப் பையையும் எடுத்துவிட்டால் பருவமும் வராது, நாய்க் கூட்டமும் வராது என்று டாக்டர் சொன்னார். மடி கட்டுவதும், வயதான பெண் நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் வைத்துச் சாவதும் இல்லாமல் போகும் என்றும் சொன்னார். நான் அவரிடம் கேட்டது இரண்டு. இது செத்துப் போகுமா? பிழைத்தால், பெருத்துச் சோம்பிக் காவலுக்கு உதவாமல் போகுமா? அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மயக்க மருந்தில் ஆபத்து உண்டு, நூற்றில் ஒன்றிரண்டு போய்விடும் என்றார். இரண்டாவதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "குட்டி சுமக்கிற செலவும் பால் கொடுக்கிற செலவும் இனி உடம்புக்கு இல்லம்மா. பழைய தீனியையே போட்டா சதை வைக்கும். தீனியைக் குறைச்சு ஓட விட்டா சரியா இருக்கும். சதை வைக்கிறது நோயில்ல, கவனிக்காம விட்டாத்தான் நோய்."

6. மறுநாள் காலையில் தொழுவத்தில் பலகை போட்டு ஆபரேஷன் நடந்தது. என் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் வெந்நீர் கொடுத்தேன். ஊரில் பாதிப் பேர் வேலி மேல் ஏறி நின்று பார்த்தார்கள். மயக்கம் தெளிந்த செவத்தி முதலில் என் கணவரின் விரலை நக்கியது. தையல் ஆறியது. அடுத்த கேப்பை அறுப்புக்கு அது பழையபடி வேலியோரம் ஓடிற்று. மலைச்சாமி அப்போது மலைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து கேள்விப்பட்டதும் தோட்டத்துக்கு வந்தார். நாயைப் புரட்டித் தையல் தழும்பைப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "என் குட்டியெல்லாம் அறுத்து எறிஞ்சுட்டியேலே" என்றார். சத்தம் போடவில்லை. எங்களுக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது.

7. இனி நாயின் எடையைப் பற்றி. முன்சீப் ரிப்போர்ட்டில் இதுவே முதல் குற்றச்சாட்டு. நாய் பெருத்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. குற்றம் எங்களுடையது. அறுத்துத் தைத்த உடம்பு தேற வேண்டும் என்று கேப்பைக் களி, மோர், ராவுத்தர் வீட்டிலிருந்து வரும் எலும்பு என்று முன்னைவிட அதிகமாகவே போட்டோம். டாக்டர் சொன்னதை மறந்தோம் என்பதைவிட, வைத்த சோற்றைக் குறைக்க மனம் வரவில்லை என்பதே சரி. மார்கழிக்குள் வயிறு தொங்கியது. டாக்டர் மறுபடி வந்தபோது ராவுத்தர் கடலை மண்டித் தராசில் அதை நிறுத்தார். ஆபரேஷனுக்கு முன் நாற்பது ராத்தல் இருந்தது, ஐம்பத்திரண்டு ஆகியிருந்தது. டாக்டர் என்னைக் கோபித்துக்கொண்டார். அன்றிலிருந்து களியைப் பாதியாக்கினோம். என் கணவர் வாய்க்கால் வரை அதைக் கூட்டிக்கொண்டு நடந்தார். மாசிக் கடைசியில் நாற்பத்தைந்துக்கு இறங்கிவிட்டது. தராசு ராவுத்தருடையது. நிறுத்தபோது நின்றவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டுக் கேட்கலாம்.

8. இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு சில நாட்கள் தூக்கத்தில் அதற்குச் சிறுநீர் சொட்டியது. சில நாய்களுக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். வேறு எந்தக் கோளாறும் இல்லை. ரோமம் பளபளத்தது. பசி, ஓட்டம், குரைப்பு எல்லாம் இருந்தன. தை மாதத்தில், மிகவும் பெருத்திருந்த சமயத்திலேயே, ஒரு பன்றிக் கூட்டத்தை வேலிக்கு வெளியே துரத்தியது. மூச்சு வாங்கியது உண்மை. ஆனால் துரத்தியது.

9. அந்த மாசியிலிருந்து மலைச்சாமியின் பட்டியில் ஆடுகள் குறைந்தன. பட்டி காட்டோரம் இருக்கிறது. காட்டோரப் பட்டியில் ஆடு குறைந்தால் எதன் வேலை என்று இந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். ஆனால் ஊருக்குள் வேறு பேச்சு கிளம்பியது. கர்ப்பப்பை இல்லாத நாய்க்குப் பசி அடங்காது என்றார்கள். களியைக் குறைத்தும் அதன் வயிறு எப்படி நிறைகிறது என்று கேட்டார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் என்னைக் கண்டு குடத்தை நகர்த்தி வைத்தார்கள். என் கணவர் முன்சீப்பிடம் போய், பட்டியைச் சுற்றிக் கால்தடம் பார்க்கச் சொல்லிக் கேட்டார். தம்பியிடம் பேசிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள்.

10. தாது வருஷம் பங்குனி மாதம், ஊர்ப் பொங்கல் முடிந்த மறுநாள் முற்பகல். என் கணவர் மேல்வயலில் இருந்தார். நான் குடிசை வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். மலைச்சாமியும் அவருடைய ஆட்கள் ஆறு பேரும் வேல்கம்பு, தடி, அரிவாளோடு வந்தார்கள். கூடவே வேட்டை நாய்கள். அவற்றில் இரண்டு செவத்தி வயிற்றில் பிறந்தவை. வேலிப் படலைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு நாய்களை ஏவினார்கள்.

செவத்தி ஓடியிருக்கலாம். பின்னால் வாழை, அதற்குப் பின்னால் காடு. அது ஓடாமல் எனக்கு முன்னால் வந்து நின்றது. முதலில் பாய்ந்த நாயின் மூஞ்சியைக் கிழித்தது. இரண்டாவதைக் கீழே போட்டு மிதித்தது. அப்போது மலைச்சாமி பக்கவாட்டில் வந்து வேல்கம்பை அதன் விலாவில் இறக்கினார். கம்பு மறுபக்கம் மண்ணில் குத்தி நின்றது. அது கம்பைக் கடித்தது. நான் அதன் மேல் விழுந்தேன். தடியால் என் முதுகில் அடித்தார்கள். எழுந்திருக்கவில்லை. கையில் அடித்தார்கள். வலது முன்கை எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு மயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

என் கணவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். அவர் ஓங்கியது உண்மை, அதையும் மறைக்கவில்லை. ஒருவர் தோளில் பட்டது. நான்கு பேர் சேர்ந்து அவரைப் பிடித்து, கிணற்றுக் கமலை மரத்தோடு வடத்தால் கட்டினார்கள். கட்டிய பிறகு அடித்தார்கள். முகத்தில் தடியின் இரும்புப் பூண் பட்டு இடது கண் வெளியே வந்தது. அவர், "என்னைய அடிங்க, அவளை விட்டுருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் என்றது என்னையா செவத்தியையா என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

11. அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய்க்கு இன்னும் உயிர் இருந்தது. மலைச்சாமி அதைக் கால் விரித்துப் புரட்டினார். "தின்ன ஆட்டுக்கறி உள்ளதான இருக்கும். ஊருக்குக் காட்டுறேன்" என்று சொல்லி, தையல் தழும்பின் மேலேயே அரிவாளை வைத்துக் கிழித்தார். குடலை இழுத்துப் போட்டார். இரைப்பையைப் பிளந்தார். உள்ளே காலையில் நான் வைத்த கேப்பைக் களியும் கொஞ்சம் கடலைத் தொலியும் இருந்தன. ஆட்டு ரோமம் இல்லை. எலும்பு இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அங்கேயே தப்பு என்று தெரிந்துவிட்டது. அதோடு போயிருந்தால்கூட நான் இந்த விண்ணப்பம் போட்டிருப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் மலைச்சாமி இரத்தக் கையோடு எழுந்து, "பார்த்தீகளா, கர்ப்பப்பையே இல்ல. இது நாயே இல்ல" என்றார். களியைப் பார்த்து நின்றவர்களுக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. செவத்தியின் கழுத்தில் கயிறு கட்டி ஊருக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருவர் என் அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்துக் கூரையில் செருகினார். நான் ஒரு கையால் என் கணவரின் கட்டை அவிழ்ப்பதற்குள் குடிசை முழுவதும் எரிந்துவிட்டது. அடுப்பு நெருப்பு தானே பற்றியது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது பொய்.

12. ராவுத்தர் வண்டி அனுப்பி எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பிறகு புகார் கொடுக்கப் போனோம். எந்த ஸ்டேஷன், எந்த ஐயா என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கும். நாய்ச் சண்டைக்கெல்லாம் கேஸ் இல்லை என்று சொன்னார்கள். என் கணவரின் கண்ணில் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

13. செவத்தி செத்த பிறகும் மலைச்சாமியின் பட்டியில் ஆடுகள் குறைந்தன. வைகாசியில் ஒரு சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, உண்மை தானாகக் கீழே இறங்கி வந்தது. நான் எஞ்சிய வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பட்டிப் பக்கம் அலறல் கேட்டது. மலைச்சாமியின் ஆட்டுக்காரர் சின்னச்சாமி ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்தபோது அவரைச் சிறுத்தை பிடித்துவிட்டது. கட்டுப் போட்ட கையில் தகரத்தை இடுக்கி, கல்லால் தட்டிக்கொண்டு ஓடினேன். சிறுத்தை அவரை விட்டுவிட்டு ஓர் ஆட்டைக் கவ்விக்கொண்டு பாறை ஏறியது. அவருடைய மனைவி ராஜாத்தி எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டாள். அவருக்குக் கழுத்தும் நெஞ்சும் கிழிந்திருந்தன. என் கணவரைக் கமலை மரத்தோடு கட்டிய நான்கு பேரில் சின்னச்சாமி ஒருவர். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் முந்தானையைப் பல்லால் கிழித்துத்தான் அவர் கழுத்தில் வைத்து அழுத்தினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்து, "ஆத்தா, உன் நாய் ஆட்டைத் திங்கல. பட்டியைச் சுத்தி சிறுத்தை அடி கிடந்தது எங்களுக்குத் தெரியும். சின்னய்யா அழிச்சுப் போடச் சொன்னாக, அழிச்சோம்" என்றார். சின்னய்யா என்று ஆட்கள் சொல்வது மலைச்சாமியை. தண்ணீர் கேட்டார். ராஜாத்தி உள்ளங்கையில் கொண்டு வந்து விட்டாள். அது கழுத்து வழியாகவே வழிந்துவிட்டது. வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது. சாகிறவர் சொன்னதை நானும் கேட்டேன், அவர் மனைவியும் கேட்டாள்.

14. அதற்குப் பிறகாவது மலைச்சாமி அடங்குவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. கர்ப்பப்பை அறுத்த பாவம்தான் சிறுத்தையாக வந்தது, அறுத்தவனை ஊருக்குள் விட்டால் இன்னும் சாவு விழும் என்றார். டாக்டர் வைகுண்டராஜ் ஆனி முதல் வாரம் ஊசி போட வந்தபோது வண்டியை ஊர் எல்லையிலேயே மறித்தார்கள். மருந்துப் பெட்டியைப் பாறையில் அடித்து உடைத்தார்கள். அவரையும் அடித்ததில் மூன்று பல் போயிற்று. அந்தக் காயம் ஆறும் முன்னே முன்சீப்பின் ரிப்போர்ட் சமூகத்துக்கு வந்துவிட்டது. டாக்டர் செய்த ஆபரேஷனால் நாய்கள் பெருத்து நோய்ப்பட்டு ஜனங்களுக்கு ஆபத்தாகின்றன, ஆகையால் அவரை மாற்ற வேண்டும், நாயைக் கொன்றது பொதுஜன ரக்ஷணைக்காக என்று அதில் கண்டிருக்கிறது.

15. இதற்கு என் பதில். அந்த நாய் பெருத்தது எங்கள் கை வைத்த தீனியால். இளைத்தது அந்தத் தீனியைக் குறைத்ததால். அது நோயால் சாகவில்லை. வேல்கம்பால் செத்தது. அதன் உடம்புக்குள் என்ன இருந்தது என்று மருத்துவர் யாரும் இனிமேல் சோதிக்க வேண்டியதில்லை. மலைச்சாமியின் ஆட்கள் கண்ணெதிரேயே திறந்து பார்த்தாகிவிட்டது. களி இருந்தது. ஆபரேஷன் செய்த நாய் ஆபத்தானது என்றால், ஆபரேஷன் செய்யாத மலைச்சாமியின் நாய்கள் அன்று என்ன செய்தன என்பதையும் முன்சீப் எழுதியிருக்கலாம்.

16. ராஜாத்தி சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவள் குடியிருப்பது மலைச்சாமியின் நிலத்தில். இதைச் சொன்னால் இருக்க இடம் போய்விடும் என்று நானே எச்சரித்தேன். "இடம் போனா போகட்டும் மதினி. அவுக சாகுறப்பச் சொன்னதை நான் முழுங்கிட்டு எங்கிட்டுப் போயிப் படுப்பேன்" என்றாள். அன்றைக்கே அவளும் வண்டிக் கொட்டகைக்கு எங்களோடு வந்துவிட்டாள்.

17. ஆகையால் சமூகம் தயவு செய்து,

மலைச்சாமி மீதும் அவருடன் வந்தவர்கள் மீதும் கொடுங்காயம், தீவைப்பு வழக்குகள் பதிய உத்தரவிட வேண்டும். விசாரணை முன்சீப்பின் சாவடியில் நடக்கக் கூடாது. அங்கே நாங்கள் வாய் திறக்க முடியாது.

என்னையும் ராஜாத்தியையும் ராவுத்தரையும் விசாரிக்காமல் முன்சீப்பின் ரிப்போர்ட்டை ஏற்கக் கூடாது.

டாக்டர் வைகுண்டராஜ் மறுபடி எங்கள் கிராமத்துக்கு வரும்போது அவருக்குக் காவல் வேண்டும். அவர் வராவிட்டால் மாடுகளும் செத்துப் போகும். அது எங்கள் மாடு மட்டும் இல்லை, மலைச்சாமியின் மாடும்தான்.

என் கணவர் ஒற்றைக் கண்ணோடு மறுபடி அந்தத் தோட்டத்தில் குடிசை போட ஆரம்பித்துவிட்டார். எங்கே போவது என்று கேட்கிறார். நாய் இல்லாமல் அங்கே இருக்க முடியாது. ராவுத்தர் கூடலூர்ப் பக்கமிருந்து ஒரு குட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெண் குட்டி. நான்தான் பெண் குட்டியாகக் கேட்டேன். அது வளர்ந்து வயது வந்ததும் அதற்கும் அந்த ஆபரேஷனைச் செய்விக்கப் போகிறேன். ஒளித்துச் செய்யமாட்டேன். அதே பவுண்டுத் தொழுவத்தில், ஊர் பார்க்கத்தான் செய்விப்பேன். அளவாகச் சோறு போடுவேன்.

அன்றைக்கு அந்தத் தொழுவத்து வாசலில் சர்க்கார் உடுப்புப் போட்ட ஒரே ஒரு ஆளாவது நிற்கும்படி சமூகம் உத்தரவு செய்ய வேண்டும். நிற்காவிட்டாலும் நான் நாயைக் கொண்டு போவேன். தலையைப் பிடித்துக்கொள்ள என் கணவர் இருக்கிறார், வெந்நீர் கொடுக்க ராஜாத்தி வருகிறேன் என்றிருக்கிறாள். வாசலுக்குத்தான் ஆள் இல்லை.

இடம்: உத்தமபாளையம்
தேதி: ஈஸ்வர வருஷம் ஆனி மாதம் 24, (1937 ஜூலை)

இப்படிக்கு, நியாயம் கேட்டு நிற்கும்
கருத்தம்மாள்
(இடது கைப் பெருவிரல் ரேகை, எலும்பு சரியாகக் கூடாமல் வலது கை இன்னும் கட்டில் இருக்கிறது)

மேற்படியார் சொன்னபடி எழுதி, இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை.
அ. அமானுல்லா